வேர்னா டொலிவர் பாடாத பாட்டு

லண்டனில், ஸ்ட்ரெதமில், வசந்தமலர் குடியிருந்த, நகரசபை வாடகைக்கு விடுகிற கவுன்சில் கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டே கதவுகள். ஒன்று அவளுடையது. எதிரே இருந்தது வேர்னா டொலிவர் என்ற கறுப்பு அமெரிக்கப் பெண்மணியுடையது. அறுபது வயதைத் தாண்டியவர். குப்பை கொட்டக் கீழே போவதென்றாலும் உதட்டுச்சாயம் பூசாமல் இறங்கமாட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த புதிதில் வசந்தமலர் அவரைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். ஆங்கிலம் வாயில் வராது என்ற பயம்தான்.

அந்தப் பயத்தை உடைத்தது ஒரு டொக்டரின் கிளினிக். மருந்துச்சீட்டுக்காக வசந்தமலர் காத்திருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அட்டையைத் தூக்கிப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், "மிஸிஸ் வி" என்று கூப்பிட்டாள். வசந்தமலர் எழுந்தாள். அதே நேரம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூடத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய் நிற்கிற வேர்னாவின் குரல்.

"அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. உன் கையில் இருக்கிற அட்டையில் முழுதாக எழுதியிருக்கிறது. எங்களுக்கு அவசரம் இல்லை. வாசி."

அந்தப் பெண் சிவந்துபோய், தடுக்கித் தடுக்கி வாசித்தாள். இராஜேந்திரன் என்ற கணவனின் பெயரையும் சேர்த்து. வந்த நாட்டில் தன் பெயரை ஒருவர் கடைசிவரை சொல்லி வசந்தமலர் கேட்டது அன்றுதான். வெளியே வந்து "தாங்க்யூ அன்ரி" என்றாள். அன்றிலிருந்து வேர்னா அவளுக்கு வேர்னா அன்ரி. அவள் அவருக்கு "ஹனி".

இராஜேந்திரன் ஒரு பெட்ரோல் ஸ்ரேசனில் இரவு ஷிப்ட் செய்தான். காலையில் வந்து சாப்பிடுவதற்காக வசந்தமலர் சோற்றையும் கறியையும் ஒரு தட்டில் போட்டு, இன்னொரு தட்டால் மூடி வைப்பாள். ஒருநாள் மாலை தேநீர் குடிக்க வந்த வேர்னா அந்த மூடிய தட்டைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு மெல்லிய குரலில் பாடினார். கொதித்த தேநீர்க் கேத்தல்கூட அடங்கின மாதிரி இருந்தது வசந்தமலருக்கு. டெட்ராய்டில் ஒரு கார்த் தொழிற்சாலை. இரவு வேலைக்குப் போன புருசன். தட்டை ஈரத்துணியால் சுற்றி, மேலே இன்னொரு தட்டை வைத்து மூடிவிட்டு, பால்காரனுக்கு முன்னே வந்துவிடு என்று கேட்கிற ஒரு பெண். அவ்வளவுதான் பாட்டு. 'ஹோம் பிஃபோர் த மில்க்மான்' என்று பெயர்.

"என் அம்மாவின் சமையலறை அது" என்றார் வேர்னா. "பள்ளிக்கூடம் விட்டுவந்து, பாத்திரம் கழுவிக்கொண்டே கட்டினேன்."

"நீங்கள் பெரிய பாட்டுக்காரியோ, அன்ரி?"

"ஒரு கோடைகாலம் முழுக்கப் பெரிய பாட்டுக்காரி" என்று சிரித்தார் வேர்னா.

சிரித்துக்கொண்டுதான் மிச்சத்தையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த வசந்தமலருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு சின்னக் கம்பெனி பாட்டை இசைத்தட்டாகப் போட்டது. தட்டின் உறையில் வேர்னாவின் படம் இல்லை. ஜன்னலோரம் நிற்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். கறுப்பு முகம் இருந்தால் கடைக்காரர்கள் தட்டைக் கண்ணாடிக்குள் வைக்கமாட்டார்களாம். அப்படியிருந்தும் கறுப்பு ஆட்களின் வானொலிகளில் அது ஓடு ஓடென்று ஓடியது. பெரிய கம்பெனி ஒன்று விழித்துக்கொண்டது. டொறீன் ஹேய்ல் என்ற வெள்ளைக்காரப் பாடகியைக் கொண்டு அதே பாட்டைப் பாடவைத்தது. மூடிவைத்த சாப்பாட்டுத் தட்டைப் பற்றிய அடிகள் அழகாக இல்லையாம். அவற்றை வெட்டிவிட்டு நிலாவைப் போட்டார்கள். புருசன் தொழிற்சாலைக்குப் போகவில்லை, நடனத்துக்குப் போனான். உலகம் முழுக்கக் கேட்டது அந்தப் பாட்டைத்தான். நாளடைவில், பாட்டை ஆக்கியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கம்பெனிக்காரனின் மச்சானுடைய பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நீங்கள் கோட்டுக்குப் போகேல்லையோ?" வசந்தமலருக்குத் தமிழ்தான் முதலில் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எந்தக் கோர்ட்டுக்கு, ஹனி? நீதிபதியின் வீட்டிலும் டொறீனின் தட்டுத்தானே சுழன்றது."

ஹோட்டல்களில் பாடப் போனால் குப்பைத் தொட்டிகளைத் தாண்டிச் சமையலறையால் உள்ளே போகவேண்டும். மேடையில் பட்டு உடுப்போடு நின்று பாடிவிட்டு, அதே உடுப்போடு சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பிடவேண்டும். மேசையில் இருக்க விடமாட்டார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு குழுவோடு லண்டனுக்குப் பாட வந்தவர், இங்கே முன்வாசலால் நடக்கலாம் என்று கண்டு தங்கிவிட்டார். கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசியில் ஒரு நாடக அரங்கில் மற்றவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டுகிற வேலை செய்து பென்சன் எடுத்தார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அன்றிரவு வசந்தமலருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருவருடைய நகையைப் பறிக்கிறவனைக் கள்ளன் என்கிறோம். ஒருவருடைய தாயின் சமையலறையைப் பறித்து அதில் நிலாவைத் தொங்கவிட்டவர்களை என்னவென்று சொல்வது?

எண்பத்தெட்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில், வெம்பிளியில் எங்கள் ஆட்களின் பண்பாட்டு மன்றம் ஆண்டுவிழா எடுத்தது. தலைவர் தில்லையம்பலம் கணக்காளர். ஊரில் பெரிய கல்லூரியில் படித்தவர். அதை நாளுக்கொரு தடவையாவது சொல்லாமல் இருக்கமாட்டார். விழாக் கூட்டங்கள் அவர் வீட்டில் நடக்கும். ஆண்கள் முன்னறையில் கூடுவார்கள். சமையல் பொறுப்பு பெண்களுக்கு என்பதால் வசந்தமலரும் அவளுடைய அக்கா தவமலரும் குசினிக்குள் இருப்பார்கள். சமையலுக்கு யாரையும் கேட்டதில்லை. அது கூட்டத்தில் முடிவெடுக்கிற விசயமே இல்லை.

"கவுன்சிலாலை ஒரு வெள்ளைக்காரி வாறா" என்று முன்னறையில் தில்லையம்பலம் சொல்வது கேட்டது. "எங்கடை ஆக்கள் மட்டும் மேடையிலை நிண்டால் அடுத்த வருசம் மண்டபம் தரமாட்டாங்கள். பல்லின நிகழ்ச்சியாம். ஒரு கறுப்பு ஆளாவது வேணும். உங்களுக்கு ஆரையும் தெரியுமோ?"

இராஜேந்திரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்கடை வீட்டுக்கு முன்னாலை ஒரு மனுசி இருக்கிறா அண்ணை. முந்திப் பாட்டுக்காரியாம்" என்றான்.

"அது போதும்" என்றார் தில்லையம்பலம்.

வேர்னாவிடம் போய்க் கேட்கும் வேலை வசந்தமலரின் தலையில் விழுந்தது. வேர்னா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மேடை ஏறிப் பல வருடமாகிவிட்டது. வருகிறேன். ஆனால் ஒன்று. என்னை அறிவிக்கிறவர் சொல்லவேண்டும்: இது வேர்னா டொலிவரின் பாட்டு, அவள் கட்டியது, முதலில் பாடியது அவள் என்று. ஒரு மேடையிலும் அதை ஒருவரும் சொன்னதில்லை. உன் ஆட்கள் சொல்வார்களா?"

"சொல்லுவினம் அன்ரி. நான் சொல்லுவிப்பன்" என்றாள் வசந்தமலர். சத்தியம் எதுவும் செய்யவில்லை. ஆனால் கிளினிக்கில் தன் பெயர் முழுதாக ஒலித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதைவிடப் பெரிய சத்தியம் என்ன வேண்டும்?

விழாவுக்கு முந்தின வாரம் தில்லையம்பலமும் அறிவிப்பாளர் றெஜினோல்டும் வேர்னாவின் வீட்டுக்கு வந்தார்கள். மேடைக்கு ஏற்ற பாட்டுத்தானா என்று பார்க்கவேண்டுமாம். வேர்னா கேட்டதை வசந்தமலர் இராஜேந்திரன் மூலம் தில்லையம்பலத்துக்கு முன்பே சொல்லியனுப்பியிருந்தாள். றெஜினோல்டுக்கு நல்ல குரல். அந்தக் காலத்து ரேடியோ சிலோனில் ஆங்கிலப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர். எந்தப் பாட்டை யார் பாடினார்கள், எந்த வருடம் வந்தது என்று நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்லுவார். ஊரில் சைக்கிளில் போகும்போதும் ஆங்கிலப் பாட்டுத்தான் முணுமுணுப்பாராம்.

வேர்னா எழுந்து நின்று பாடினார். தட்டை மூடுகிற அடி வந்ததும் றெஜினோல்ட் கையை உயர்த்தினார்.

"எக்ஸ்கியூஸ் மீ, மேடம். இந்தப் பாட்டிலே இந்த அடி கிடையாது."

வேர்னா நிறுத்தினார். "கிடையாதா?"

"நான் நூறு தரம் கேட்டிருக்கிறேன். நிலா வரும். இது டொறீன் ஹேய்லின் பாட்டு. என்னிடம் இசைத்தட்டே இருந்தது."

"அது என் பாட்டு, மிஸ்டர். நான் கட்டியது. அந்தப் பெண் பாடுவதற்கு முதல் நான் பாடியது."

றெஜினோல்ட் பணிவாகத்தான் கேட்டார். பணிவான கேள்விதான் சில வேளைகளில் அறைவதுபோல் இருக்கும். "அதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா, மேடம்?"

"அதில் இருப்பது என் அம்மாவின் சமையலறை" என்றார் வேர்னா. "டொறீன் உங்களுக்கு என்ன ஆதாரம் காட்டினாள்?"

றெஜினோல்ட் தில்லையம்பலத்தின் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு மாறாமல் தமிழில் சொன்னார்: "வயசு போனால் உப்பிடித்தான். ரெண்டு நாள் கிளப்பிலை பாடினதுகள் எல்லாம், பாட்டே தங்கடை எண்டு சொல்லுங்கள்."

"நீ ஓம் எண்டு சொல்லிப்போட்டு விடு" என்றார் தில்லையம்பலம். "எங்களுக்கு மேடையிலை எடுக்கிற படம்தானே முக்கியம்."

இருவரும் வேர்னாவின் சோபாவில் இருந்துகொண்டு, வேர்னாவின் பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டு இதைச் சொன்னார்கள்.

"என்ன சொல்கிறார்கள்?" வேர்னா வசந்தமலரைப் பார்த்துக் கேட்டார்.

வசந்தமலர் தில்லையம்பலத்தைப் பார்த்தாள். தில்லையம்பலம் அண்ணை பெரிய மனிதர். இராஜேந்திரனின் விசாக் கடிதங்களை எழுதிக் கொடுத்தவர். அவர் முன்னால் வாய் திறந்து அவள் பழகவில்லை. "நீங்கள் கேட்டபடி சொல்லுவினமாம்" என்றாள்.

வேர்னா அவள் முகத்தைப் பார்த்தார். "நல்லது" என்றார்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், வெம்பிளியில் வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். வேர்னா பச்சை வெல்வெட் கவுண் போட்டிருந்தார். கையுறை, காதில் கல்லு வைத்த தொங்கட்டான். பஸ்ஸிலும் ரெயினிலும் அந்தக் கவுணின் ஓரம் அழுக்குப்படாமல் வசந்தமலர் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள்.

முன்வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, சந்தனம் குங்குமத் தட்டு. பாவாடை சட்டையில் இரண்டு பெண்பிள்ளைகள் வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். வேர்னா அதைப் பார்த்து முகம் மலர்ந்து ஒரு அடி முன்னே வைத்தார். நெஞ்சில் தொண்டர் என்ற பட்டி குத்திய ஒருவர் குறுக்கே வந்தார்.

"ஆர்ட்டிஸ்ட் எல்லாம் பின்பக்கத்தாலை, மேடம்."

"இவ விருந்தாளி" என்றாள் வசந்தமலர்.

"புரோகிராமிலை பேர் இருக்கெல்லே? அப்ப ஆர்ட்டிஸ்ட். தலைவற்றை ஓடர்."

பின்பக்கம் குப்பைத் தொட்டிகள். அதைத் தாண்டி ஒரு கதவு. கதவுக்கு உள்ளே பள்ளிக்கூடத்துச் சமையலறை. தவமலரும் மற்றப் பெண்களும் இடியப்பத் தட்டங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேர்னா வாசற்படியில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இந்த வழி எனக்கு நன்றாகத் தெரியும், ஹனி" என்றார்.

வசந்தமலருக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. நாட்டியம் ஆடுகிற பிள்ளைகள் முன்வாசலால்தான் போனார்கள் என்று பிறகு தெரிந்தது. தலைவரின் அந்தக் கட்டளை யாருக்கென்று அதற்குப்பிறகு அவள் யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

சமையலறைக்கும் மண்டபத்துக்கும் நடுவே சாப்பாடு பரிமாறும் நீண்ட ஜன்னல் இருந்தது. மேலிருந்து இழுத்து மூடுகிற இரும்புத் தகடு அதற்கு. அதன் வழியாக மேடை தெரிந்தது. தேவாரம், வரவேற்பு நடனம், தலைவர் உரை, செயலாளர் உரை. மளிகைக்கடைக்காரருக்குப் பொன்னாடை, வீடு விற்கிற தரகருக்குப் பொன்னாடை. கவுன்சில் பெண்மணிக்குப் பொன்னாடையோடு மாலையும். ஒருவர் தோளிலிருந்தே பொன்னாடையை உருவி மற்றவருக்குப் போர்த்தினார்களோ என்று கேட்டுத் தவமலர் பெண்களைச் சிரிக்கவைத்தாள். இடையில் ஒருவர் ஓடிவந்து வேர்னாவைக் கூட்டிப்போனார். மேடையில் கவுன்சில் பெண்மணிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கமரா மின்னியது. தில்லையம்பலம் நடுவில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். படம் எடுத்து முடிந்ததும், "பிறகு கூப்பிடுறம்" என்று கீழே இறக்கிவிட்டார்கள். மேடையில் நின்ற எல்லாருக்கும் பொன்னாடை. வேர்னாவுக்கு மட்டும் இல்லை. முன்வரிசையில் கதிரையும் இல்லை. வேர்னா திரும்பச் சமையலறைக்கு வந்து, எண்ணெய்த் தகரப் பேணிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வெல்வெட்டை ஒதுக்கிக்கொண்டு இருந்தார்.

கடைசிக்கு முதல் நிகழ்ச்சியாக அவரைக் கூப்பிட்டார்கள். வேர்னா கையுறையைச் சரிசெய்துகொண்டு மேடையோரம் போய் நின்றார். வசந்தமலர் கரண்டியோடு ஜன்னலருகில் வந்தாள்.

றெஜினோல்ட் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பானவர்களே, ரேடியோ சிலோனை மறக்கேலுமோ? ஞாயிற்றுக்கிழமையளிலை டொறீன் ஹேய்லின்ரை குரலைக் கேட்டு நாங்கள் எத்தினை பேர் மயங்கினம். அந்தப் பாட்டை இப்ப எங்கடை அயலிலை இருக்கிற ஒரு கறுப்பு அம்மா தன்னாலை ஏலுமான மாதிரிப் பாடிக் காட்டுவா. கைதட்டி உற்சாகப்படுத்துங்கோ." பிறகு கவுன்சில் பெண்மணிக்காக ஆங்கிலத்தில் சுருக்கினார்: "டொறீன் ஹேய்லுக்கு ஒரு சமர்ப்பணம். பாடுபவர், எங்கள் அயலவர்."

பெயரே இல்லை.

முன்வரிசையில் கிழவர்கள் நிலா அடியை இப்போதே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். வேர்னாவின் ஒரு கால் மேடைப்படியில் இருந்தது. அந்தக் காலை அவர் கீழே எடுத்தார். திரும்பினார். கைதட்டலுக்கு நடுவே, அவசரமில்லாமல், தலை நிமிர்ந்தபடி நடந்து சமையலறைக்குள் வந்து தன் கோட்டை எடுத்தார்.

"அவவுக்குக் கொஞ்சம் கூச்சம் போலை" என்று றெஜினோல்ட் ஒலிவாங்கியில் சொல்வது கேட்டது. சிரிப்பும் கேட்டது. வீணையைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"அன்ரி" என்றாள் வசந்தமலர்.

தவமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆங்கிலம் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். "நீங்கள் இங்கை எங்களுக்குப் பாடுங்கோ. உவங்கள் கிடக்கட்டும். நாங்கள் கேக்கிறம்."

வேர்னா அவளைக் கோபமில்லாமல் பார்த்தார். "நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் நான் சமையலறைகளில் நின்றது போதும். இனி எந்தச் சமையலறையிலும் பாடமாட்டேன்."

"அண்டைக்கு அவர்கள் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்லேல்லை" என்றாள் வசந்தமலர். "பொய் சொன்னனான்."

"தெரியும், ஹனி. அந்த மாதிரிச் சிரிப்பை எந்தப் பாஷையிலும் எனக்குத் தெரியும். நீ என்ன செய்வாய் என்று பார்க்கவும்தான் வந்தேன்."

கோட்டின் பொத்தான்களை அவர் போட்டுக்கொண்டிருந்தார். வசந்தமலர் அந்த விரல்களைப் பார்த்தாள். வெள்ளைக்காரன் செய்தான் என்று அவள் சோறு இறங்காமல் இருந்தாளே, அந்தக் கம்பெனிக்காரனுக்கும் மண்டபத்துக்குள் இருக்கிற இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? ஊரில் எங்களை ஒதுக்குகிறார்கள், எங்கள் பாஷையை மதிக்கிறார்கள் இல்லை என்று சற்று முன்புதானே தில்லையம்பலம் தொண்டை கிழியப் பேசினார்? கைதட்டின சத்தம் இன்னும் காதில் இருக்கிறதே. மேடையில் அழுகிற அதே வாயால் இன்னொருத்தியின் பெயரை விழுங்குகிறார்களே, இவர்களுக்குத் தொண்டையில் சிக்காதா?

மேடை ஏறிக் கத்த அவளால் ஏலாது. ஆனால் அவள் கையிலும் ஒன்று இருந்தது. இத்தனை பேரும் பேச்சுகளைப் பொறுத்துக்கொண்டு இருப்பது எதற்காக என்று அவளுக்குத் தெரியாதா? இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்க் குழம்பும் அவளுடைய பக்கத்தில் இருந்தன.

எட்டி இரும்புத் தகட்டைப் பிடித்து இழுத்தாள். அது கடகடவென்று இறங்கித் தட்டென்று விழுந்தது. கொளுக்கியை மாட்டினாள். வீணை ஒரு கணம் தடுமாறியது.

"உனக்கு விசரோடி?" என்றாள் தவமலர்.

"இவவின்ரை பேரை ஒழுங்காச் சொல்லுமட்டும் ஒரு தட்டமும் திறக்கிறேல்லை, அக்கா."

தவமலர் அவளையும் வேர்னாவையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு, திறந்து வைத்திருந்த குழம்புத் தட்டத்தின் மேல் ஈயக் கடதாசியை இழுத்து, ஓரங்களை இறுக்கி மடித்தாள். "விடியத் தொடங்கி வெங்காயம் வெட்டினது நாங்கள். ஒருத்தன் எங்கடை பேரும் சொல்லேல்லைத்தான்" என்றாள். மற்றப் பெண்களும் ஒவ்வொரு தட்டமாக மூடினார்கள். வேர்னா பொத்தான் போடுவதை நிறுத்தினார்.

வீணை முடிந்தது. நன்றியுரை முடிந்தது. கதிரைகள் இழுபடும் சத்தம், பிள்ளைகள் ஓடும் சத்தம். தகட்டில் யாரோ தட்டினார்கள். பிறகு பலமாகத் தட்டினார்கள். பக்கக் கதவால் தில்லையம்பலம் வந்தார், பின்னால் றெஜினோல்ட்.

"என்ன பிள்ளை இது? கவுன்சில் மனுசி மேசையிலை வந்து இருந்திட்டா. தகட்டைத் திற."

"றெஜினோல்ட் அண்ணை தன்ரை அறிவிப்பைத் திருத்தட்டும், அண்ணை. பேந்து திறக்கிறன்."

"என்ன அறிவிப்பு?"

"இது வேர்னா டொலிவரின்ரை பாட்டு. அவ கட்டினது, முதலிலை அவ பாடினது. சொல்லுவம் எண்டு வாக்குக் குடுத்தியள்."

"ஆர் குடுத்தது? நீ குடுத்தனி" என்றார் றெஜினோல்ட். "இஞ்சை பார் தங்கச்சி, எனக்குப் பாட்டுச் சரித்திரம் படிப்பிக்க வராதை. ரேடியோ சிலோனிலை—"

"ரேடியோ சிலோன் இவவின்ரை தாயின்ரை குசினியைக் கண்டதோ, அண்ணை?"

பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். றெஜினோல்டின் முகம் கறுத்தது.

"இராஜேந்திரன் எங்கை? இராஜேந்திரனைக் கூப்பிடு" என்று தில்லையம்பலம் வெளியே பார்த்துக் கத்தினார். இராஜேந்திரன் வந்தான். நிலைமையைப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தை அவன் முன்பு கண்டதில்லை.

"நான் என்ன அண்ணை செய்ய?" என்றான். "என்ரை சாப்பாடும் உவவின்ரை கையிலைதான் கிடக்கு."

தகட்டுக்கு அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் தாளம் போட்டுத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். "சாப்பாடு, சாப்பாடு." தில்லையம்பலம் நெற்றியைத் துடைத்தார். "சரி. போய்ச் சொல்லித் துலை" என்றார் றெஜினோல்டிடம்.

றெஜினோல்ட் போனார். தமிழில் ஒலித்தது: "ஒரு சிறு விளக்கம். முன்னர் பாட இருந்த அம்மா அந்தப் பாட்டோடு சம்பந்தப்பட்டவர் என்று தெரிவித்துக்கொள்கிறோம். சாப்பாடு தயார்."

வசந்தமலர் பக்கக் கதவடியில் போய் நின்றாள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குரல் நடுங்கவில்லை.

"அப்பிடி இல்லை, அண்ணை. இங்கிலிசிலை. பேரோடை. கவுன்சில் ஆளுக்கும் விளங்கோணும், அவவுக்கும் விளங்கோணும்."

கவுன்சில் பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். றெஜினோல்ட் தில்லையம்பலத்தைப் பார்த்தார். தில்லையம்பலம் தன் சப்பாத்துக் கால்களைப் பார்த்தார். வேறு வழியில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் பல்லுக்கிடையில் வைத்து, றெஜினோல்ட் ஆங்கிலத்தில் சொன்னார்.

"'ஹோம் பிஃபோர் த மில்க்மான்' என்ற பாட்டு மிஸ் வேர்னா டொலிவர் ஆக்கியது. முதலில் பாடியவரும் அவரே. மிஸ் வேர்னா டொலிவர் இன்று எங்களோடு இருக்கிறார்."

வேர்னா சமையலறை வாசலில் நின்று கேட்டார். கண்ணை மூடவில்லை, அழவுமில்லை. கடன் திரும்பி வந்தால் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். பிறகு நடந்து போய் மேடையில் ஏறினார். கோட்டோடுதான். றெஜினோல்ட் ஒதுங்கினார். முன்வரிசைக் கிழவர்கள் மரியாதையாக நிமிர்ந்து இருந்தார்கள். இனிப் பாடுவார் என்று வசந்தமலரும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தட்டு அடியை இந்த மண்டபத்தில் கேட்கவேண்டுமென்று அவளுக்கு எவ்வளவு ஆசை.

"என் பெயர் வேர்னா டொலிவர்" என்றார் வேர்னா. கிளினிக்கில் கேட்ட அதே குரல். "அதைக் கேட்கத்தான் வந்தேன். கேட்டுவிட்டேன். பாட்டைக் கேட்கிற தகுதி உங்களுக்கு இன்றைக்கு இல்லை. போய்ச் சாப்பிடுங்கள். அந்தப் பெண்கள் நன்றாகச் சமைத்திருக்கிறார்கள்."

இறங்கிவிட்டார்.

வசந்தமலருக்கு ஒரு கணம் ஏமாற்றம் நெஞ்சைப் பிடித்தது. அடுத்த கணமே அது போய்விட்டது. சரிதான். கேட்டவுடன் கொடுக்க அது என்ன சுண்டலா?

"என்ன, பாடாமலே போறாவோ?" தில்லையம்பலம் ஓடிவந்தார். "இவ்வளவும் செய்விச்சுப்போட்டு?"

"றெஜினோல்ட் அண்ணைக்குத்தான் பாட்டு வடிவாத் தெரியுமே" என்றாள் வசந்தமலர். "அவரைப் பாடச் சொல்லுங்கோ. நிலாவோடை."

திரும்பிப் போய் ஒரு தட்டில் இடியப்பமும் குழம்பும் போட்டாள். இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். துணியால் சுற்றிக் கட்டினாள். அதற்குப் பிறகுதான் கொளுக்கியைக் கழற்றித் தகட்டைத் தூக்கினாள். "இனி உங்கடை பாடு, அக்கா" என்று கரண்டியைத் தவமலரிடம் கொடுத்தாள்.

வேர்னா பழக்கதோசத்தில் பின்கதவை நோக்கித் திரும்பினார். வசந்தமலர் அவர் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் கூட்டிவந்தாள். சாப்பாட்டு வரிசை விலகியது. கதிரைகளுக்கு நடுவே இருவரும் முன்வாசலுக்கு நடந்தார்கள். பட்டி குத்தியவர் அங்கேயே நின்றார்.

"மேடம், ஆர்ட்டிஸ்ட் எல்லாம் பின்—"

வசந்தமலர் தட்டை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையால் மேசையிலிருந்த பன்னீர்ச் செம்பை எடுத்தாள். வேர்னாவின் வெல்வெட் தோளில் ஆறுதலாகத் தெளித்தாள். பிறகு அந்த மனிதரைப் பார்த்தாள்.

"கதவைத் திறவுங்கோ" என்றாள்.